மைலிஸ் பிடுங்கிய புல்

மைலிஸின் அப்பா எங்கள் துறைமுகப் படிக்கட்டிலிருந்து பதினைந்து அடித் தூரத்தில் மூழ்கிச் செத்தார். 1958, நவம்பர் மாதம், பிற்பகல் மூன்று மணி. நண்டுக் கூடைகளை இறக்கிவிட்டுப் படகிலிருந்து கரைக்குக் கால் வைத்தவர் பாசியில் வழுக்கி, படகுக்கும் கல்சுவருக்கும் நடுவே விழுந்தார். உடம்பில் கனத்த கம்பளிச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். நீச்சல் தெரியாது. எங்கள் ஹெல்லவோ தீவில் அந்தத் தலைமுறை மீனவர் ஒருவருக்கும் தெரியாது. குளிர்ந்த கடலில் நீந்தத் தெரிந்தால் சாகிற நேரம்தான் நீளும் என்று நினைத்தார்கள். கொக்கிக் கழியோடு ஆட்கள் ஓடி வருவதற்குள் முடிந்துவிட்டது.

மைலிஸுக்கு அப்போது பதினோரு வயது. பள்ளிக்கூடம் விட்டு அப்பாவைப் பார்க்க வந்தவள், கரையில் புத்தகப் பையோடு நின்றிருந்தாள். அவளுடைய அண்ணன் ஹில்டிங்குக்குப் பதினாறு. கூடைகளைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போயிருந்தான். திரும்பி வரும்போது அப்பாவைக் கரையில் கிடத்தியிருந்தார்கள்.

நானும் மைலிஸும் ஒரே வகுப்பு. பின்னால் நான் இந்தத் தீவில் முப்பத்தோரு வருடம் தபால் கொடுத்தேன். அவளுடைய வாழ்க்கையில் நடந்தவற்றில் பலவற்றை நேரில் பார்த்தேன், சிலவற்றை அவளே சொன்னாள், மிச்சத்தை ஊர் சொன்னது.

அப்பா செத்த மறுவருடமே அவள் நீந்தப் பழகிவிட்டாள். இருபத்திரண்டு வயதில் பயிற்றுநர் சான்றிதழ் வாங்கி, லில்விக் குடாவில் பிள்ளைகளுக்கு நீச்சல் பள்ளி ஆரம்பித்தாள். ஒவ்வொரு கோடையிலும் பள்ளிக்கூடம் மூடிய மறுவாரம் தொடங்கி மூன்று வாரம். தண்ணீர் பதினாறு டிகிரி இருந்தால் எல்லோரும் இறங்க வேண்டும். பதினைந்து என்றால் பெரிய பிள்ளைகள் மட்டும். உதடு நீலமானவர்களைத் துண்டில் சுற்றிப் பாறைமேல் உட்கார்த்தி, ஃபிளாஸ்கிலிருந்து சூடான பழரசம் கொடுப்பாள். வருடத்தின் மற்ற மாதங்களில் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் ஹெர்ரிங் மீனை டப்பாவில் அடுக்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "கோடைல நேரமில்ல, குளிர்காலத்துல தோணல" என்பாள்.

லில்விக் சின்னக் குடா. மூன்று பக்கமும் பாறை, ஒரு பக்கம் வாய். முழங்கால் ஆழத்தில் ஆரம்பித்து இரண்டு ஆள் ஆழம் வரைக்கும் அடியெல்லாம் கடற்புல். விரல் அகல நாடாக்கள், சில இடங்களில் ஒரு மீட்டர் நீளம். படகிலிருந்து குனிந்து பார்த்தால் ஒவ்வொரு இலையும் தெரியும். தண்ணீர் அவ்வளவு தெளிவு. எங்களுக்கு அந்தப் புல் ஒரு விஷயமாகவே படவில்லை. தூண்டிலில் சிக்கும், மோட்டார் விசிறியில் சுற்றும், இலையுதிர் காலத்தில் கரையில் ஒதுங்கி நாறும்.

பிள்ளைகளுக்கு அது என்றால் பயம். இடுப்பளவு தண்ணீரில் காலை நீட்டியதும் தொடையில் ஏதோ தடவும்.

"டீச்சர், யாரோ காலப் புடிக்கிறாங்க!"

"யாரும் இல்ல. புல்லுதான். மீன் குஞ்சுங்க ஒளிஞ்சு வெளையாடுற எடம்."

"மீனு கடிக்குமா?"

"உன்னக் கடிச்சா அதுக்குத்தான் பல்லு போகும். காலத் தூக்கி உதை."

சில பிள்ளைகள் சிரித்துவிட்டு உதைப்பார்கள். சிலர் மாட்டார்கள். 1978 கோடையில் ஸீவ் என்ற ஏழு வயதுப் பெண் மூன்று வாரமும் கணுக்கால் தண்ணீரிலேயே நின்றாள். கடைசி நாள் அவளுடைய அம்மா வந்து, "மைலிஸ், உன்மேல குத்தம் இல்ல. இந்தப் புல்லுக்குள்ள எம்பொண்ணு எறங்கவே மாட்டா. டவுன்ல டைல்ஸ் போட்ட நீச்சல் குளம் தொறந்திருக்காங்க. அங்க சேக்கறேன்" என்றாள். அந்த வருடம் லில்விக்கில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள். டவுனுக்குப் போக ஒரு படகு, ஒரு பேருந்து. பாதிப் பேர் போக மாட்டார்கள், நீந்தத் தெரியாமலே வளர்ந்து படகில் ஏறுவார்கள் என்பது மைலிஸுக்குத் தெரியும். அந்தக் குளிர்காலம் முழுக்க இதையே யோசித்தாள்.

1979 பிப்ரவரியில் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, லில்விக்கிலிருந்து புல்லை எடுத்துவிட்டு மணல் கொட்ட வேண்டும் என்றாள். எதிர்த்துப் பேசியவர் தூரே ஒருவர்தான். விலாங்கு பிடிப்பவர், அறுபது வயதுக்காரர், கூட்டத்தில் தொப்பியைக் கழற்றாதவர்.

"புல்ல எடுத்துட்டா காட் மீன் குஞ்சு எங்கம்மா போகும்?"

"மீன் குஞ்சுக்கு நீச்சல் தெரியும், தூரே அண்ணே. நம்ம புள்ளைங்களுக்குத் தெரியாது."

கூடம் முழுக்கச் சிரித்தது. தூரே, "சிரிங்கடா சிரிங்க, நாளைக்குத் தூண்டிலப் போட்டுட்டுப் பாட்டுப் பாடிட்டு உக்காந்திருங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். கை தூக்கச் சொன்னார்கள். எதிர்த்து இரண்டு கை. நான் ஆதரவாகத் தூக்கினேன்.

வேலையை ஹில்டிங் ஏற்றுக்கொண்டான். அவன் அப்போது படகுத்துறை கட்டிக்கொடுக்கும் தொழிலில் இருந்தான். உழுத வயலில் கட்டி உடைக்க டிராக்டர் பின்னால் இழுப்பார்களே, இரும்புப் பல் வைத்த சட்டம், அதில் ஒன்றை விவசாயியிடம் இரவல் வாங்கி, இரண்டு படகுக்கு நடுவே சங்கிலியில் கட்டினான். ஏப்ரலில் மூன்று சனிக்கிழமை. சட்டம் குடாவின் அடியைக் கீறிக்கொண்டு போனதும் புல் வேரோடு மிதந்தது. வேர்கள் வெள்ளையாக, பின்னிய பாய்போல ஒட்டிக்கொண்டு வந்தன. தண்ணீர் காப்பி நிறமாகியது. புல்லைக் கரையில் குவித்தோம். விவசாயிகள் எருவுக்கு வண்டி வண்டியாக எடுத்துப் போனார்கள். குவியலுக்குள் ஊசி மீன்களும் சின்ன நண்டுகளும் துடித்தன. மைலிஸ் கையால் கிளறி, உயிரோடு இருந்தவற்றை வாளியில் போட்டுக் குடாவுக்கு வெளியே கொண்டுபோய் விட்டாள். இரண்டு வாளி ஆனதும் ஹில்டிங் கத்தினான்.

"மீனுக்கு வைத்தியம் பாக்க வந்தியா, வேலை பாக்க வந்தியா?"

பிறகு லாரி மணல் வந்தது.

அந்தக் கோடையில் நாற்பத்தொரு பிள்ளைகள். தங்க நிற மணலில் இறங்கி நடந்தார்கள். ஸீவ் திரும்பி வந்தாள். மூன்றாவது வாரம் இருபத்தைந்து மீட்டர் நீந்தி நீச்சல் பதக்கம் வாங்கினாள். சங்கம் மைலிஸுக்குப் பெயர் பொறித்த தட்டு ஒன்று கொடுத்தது. அவள் வாழ்க்கையில் அதைப்போல சந்தோஷமான கோடை இன்னொன்று இல்லை என்று பின்னால் ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

1981 அக்டோபரில் மேற்கிலிருந்து ஒரு புயல். குடாவுக்குள் அலை புகுந்து மணலை ஆழத்துக்கு இழுத்துப் போய்விட்டது. மணலுக்கு அடியில் சேறு. அதன் பிறகு சின்னக் காற்றடித்தாலும், ஒரு மோட்டார் படகு போனாலும், அந்தச் சேறு கிளம்பும். அடங்க இரண்டு நாள் ஆகும், அதற்குள் அடுத்த காற்று. மறுவருடம் பிள்ளைகளுக்கு முழங்கால் வரைதான் தெரிந்தது. 1984-இல் கணுக்கால்கூடத் தெரியவில்லை. புதிய மணல் கொட்டினார்கள். அதுவும் ஒரு குளிர்காலத்தில் போய்விட்டது. மைலிஸ் பிள்ளைகள் எல்லோருக்கும் சிவப்புத் தொப்பி வாங்கிக் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொப்பிகளை எண்ண ஆரம்பித்தாள்.

1986 ஜூலை எட்டாம் தேதி அவள் தொப்பிகளை எண்ணினாள். பதினைந்து. சரியாக இருந்தது. மறுபடி பார்த்தபோது ஒரு தொப்பிக்கு அடியில் தலை இல்லை.

அது யிர்ஸா என்ற ஆறு வயதுப் பெண்ணுடையது. மைலிஸ் நின்ற இடத்திலிருந்து நான்கு மீட்டர்கூட இருக்காது. தண்ணீர் மைலிஸின் நெஞ்சளவு. மூழ்கிப் பார்த்தாள், கண்ணெதிரே பழுப்பைத் தவிர ஒன்றுமில்லை. கையால் துழாவினாள். ஊர்க்காரர்கள் சிலர் கரையில் கட்டடக் கற்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஹில்டிங்கும் இருந்தான். அவர்களும் குதித்தார்கள், நீந்தத் தெரியாதவர்கள் பாறையில் நின்று கத்தினார்கள். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மைலிஸின் கையில் ஒரு குதிகால் பட்டது. இழுத்து வந்து பலகைத்துறையில் கிடத்தி வாயில் ஊதினாள், நெஞ்சை அழுத்தினாள். பிள்ளை தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதது.

மற்ற பதினான்கு பேரையும் உடை மாற்றச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினாள். நீச்சல் பள்ளி அன்றோடு முடிந்தது.

யிர்ஸா மூன்று நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். அவளுடைய அம்மா ஒரு தட்டு இலவங்கப்பட்டை பன் சுட்டு எடுத்துப்போய், மைலிஸின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லி அழுதாள். ஊரில் யாரும் மைலிஸைக் குறை சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க நான் தபால் போடப் போகும்போது சமையலறை ஜன்னல் வழியாகப் பன் தட்டு அப்படியே மேஜைமேல் இருப்பது தெரிந்தது.

இரண்டாவது வாரம் அவள் தூரே வீட்டுக்குப் போனாள். அவர் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தத் தண்ணி எப்பலேருந்து கலங்கல்?"

"உனக்கே தெரியும்."

"நீங்க சொல்லுங்க."

"புல்லு போனதுலேருந்து. அதுதான் சேத்தக் கட்டிப் புடிச்சிருந்திருக்கு. அலையையும் அடக்கியிருக்கு போல."

"அன்னிக்குக் கூட்டத்துல இதச் சொல்லியிருக்கலாமே."

தூரே ஊசியைக் கீழே வைத்தார். "மீனப் பத்திச் சொன்னேன். சேத்தப் பத்தி எனக்கும் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா உன் வாய்க்கு மேல கத்தியிருப்பேன்."

அதன் பிறகு ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் மைலிஸ் லில்விக்கில் கால் நனைக்கவில்லை. பிள்ளைகளைப் புதன்கிழமைதோறும் டவுன் குளத்துக்குத் தானே கூட்டிப் போனாள், படகில் ஒருமுறை எண்ணி, பேருந்தில் ஒருமுறை எண்ணி. தொழிற்சாலை மூடிய பிறகு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். குடாவைத் தாண்டிப் போகும் பாதை குறுக்கு வழி. அவள் சுற்றுவழியில்தான் போவாள்.

2009 இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து துவா என்ற ஆராய்ச்சியாளர் வந்து ஊர்க் கூடத்தில் பேசினார். முப்பத்தைந்து வயது இருக்கும், வேகமாகப் பேசுகிறவர். இந்தக் கடற்கரையில் கடற்புல் பாதிக்கு மேல் அழிந்துவிட்டது என்று சொல்லி, விமானத்திலிருந்து எடுத்த பழைய படங்களைத் திரையில் காட்டினார். 1977-இல் லில்விக் கறுப்பாக இருந்தது. 1980-இல் வெளுத்திருந்தது.

"மத்த எடத்துல பத்து இருபது வருஷம் ஆச்சு. இங்க மூணே வருஷம். எதனாலன்னு எங்களுக்குப் புரியல. வயல் உரம் கடல்ல கலந்தது ஒரு காரணமா இருக்கலாம்" என்றார்.

விவசாயி எவர்ட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "வந்துட்டாங்கப்பா. கடல்ல மீன் செத்தாலும் நாங்க, புல்லு செத்தாலும் நாங்க. குடாவுக்கு மேல எனக்கு இருக்கறது நாலு ஆடு. அதுங்க மூத்திரத்துலயா உங்க புல்லு செத்துச்சு?"

ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். துவா கையை உயர்த்தி உயர்த்திப் பார்த்தார். அப்போது பின் வரிசையில் மைலிஸ் எழுந்தாள். சத்தம் அடங்க நேரமாயிற்று.

"எவர்ட் ஆடு இல்ல. நான்தான். எழுவத்தொம்போது ஏப்ரல்ல நான்தான் பிடுங்கினேன்."

"பிடுங்கினீங்களா? கையாலயா?"

"இரும்புச் சட்டத்தால. மூணு சனிக்கிழமை."

1979-இல் கை தூக்கியவர்கள் இருபது பேராவது அந்தக் கூடத்தில் இருந்திருப்பார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் ஹில்டிங் அவளை வாசலில் பிடித்துக்கொண்டான். அப்போது அவன்தான் ஊர்ச் சங்கத் தலைவன்.

"பாதிரியார்கிட்ட சொல்லவேண்டியத யுனிவர்சிட்டிகிட்ட எதுக்குடி சொன்ன?"

"பாதிரியார் போட்டோ எடுத்துட்டு வரலியே."

"கேஸ் போட்டாங்கன்னா?"

"போடட்டும். நான்னுதான சொன்னேன். உன் பேர எடுக்கலியே."

ஹில்டிங் திரும்பி விறுவிறுவென்று நடந்துவிட்டான். கேஸ் ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்தினான். அண்ணன் வீடும் தங்கை வீடும் அடுத்தடுத்து. தபால் பெட்டிகள் இரண்டும் ஒரே கம்பத்தில் இருந்தன. அவன் தன்னுடையதைக் கழற்றிப் பாதைக்கு எதிர்ப்பக்கம் தனிக் கம்பம் நட்டு மாட்டிக்கொண்டான். எனக்கு நாளுக்கு இரண்டு முறை சைக்கிளை விட்டு இறங்கும் வேலை.

துவா மறுவாரமே மைலிஸ் வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டார். போகும்போது, மறுபடி நட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். புல் நன்றாக இருக்கும் வேறு குடாவிலிருந்து தண்டு தண்டாக எடுத்து வந்து, முக்குளிப்பவர்கள் ஒவ்வொன்றாக அடியில் ஊன்ற வேண்டும். கரையில் உட்கார்ந்து தண்டுகளைத் தரம் பிரிக்க ஆட்கள் தேவை.

2011 ஜூனில் மைலிஸ் தரம் பிரிக்க உட்கார்ந்தாள். இரண்டு நாள் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் ரப்பர் உடை ஒன்று கேட்டாள்.

"உங்களுக்கு அறுவத்திநாலு வயசு ஆகுதே" என்றார் துவா.

"அதுல பாதி தண்ணிக்குள்ளதான் போச்சு. எங்க ஊனணும்னு காட்டுங்க."

அப்படித்தான் அவள் மறுபடி லில்விக்கில் இறங்கினாள். அந்த ஜூனில் நான்காயிரம் தண்டு நட்டார்கள். செப்டம்பரில் துவா ஒவ்வொரு கட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு மேலே வந்து, முகக் கண்ணாடியைக் கழற்றி, "ஒண்ணுகூட இல்ல" என்றார். கலங்கலில் வெளிச்சம் போய்ச் சேரவில்லை. மறுவருடம் ஆழம் குறைந்த இடத்தில் நட்டார்கள். பாதியைக் கரை நண்டுகள் தோண்டி எறிந்தன, மிச்சத்தின்மேல் பச்சைப் பாசி போர்வைபோல் படிந்து மூடிவிட்டது. மூன்றாம் வருடம் ஆராய்ச்சிக் குழு வேறு குடாவுக்குப் போய்விட்டது. சேறு இருக்கும்வரை லில்விக்கில் எதுவும் முளைக்காது என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அந்த உறையை நான்தான் மைலிஸிடம் கொடுத்தேன். வாசலிலேயே படித்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றாள்.

ஆனாலும் விடவில்லை. துவாவிடம் அனுமதி கேட்டு, வருடத்துக்கு அறுபது தண்டு வாங்கி, இருபது இருபதாக வெவ்வேறு இடத்தில் நட்டுப் பார்த்தாள். நட்ட இடத்தையும் ஆழத்தையும் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் குறித்து வைப்பாள். 2014 வசந்தத்தில் குடா வாயருகே ஒரு பாறையடியில் இருபதில் பதினொன்று குளிர்காலத்தைத் தாண்டி நின்றது. அன்றே துவாவுக்கு போன் செய்தாள்.

"சேத்துல நிக்கல. இங்க அடியில மணல் இருக்கு. மணல்ல நிக்குது."

"நாங்களும் அதத்தான் யோசிச்சிட்டிருக்கோம்," என்றார் துவா. "சேத்துமேல பத்து சென்டிமீட்டர் கல்மணல் பரப்பி மூடிட்டு, உடனே அதுமேல புல்லு நட்டா சேறு கிளம்பாது. நீங்க அப்ப கொட்டினது வெறும் மணல். அதப் புடிச்சு நிறுத்த மேல ஒண்ணுமே இல்ல."

அனுமதி வாங்கவே இரண்டு வருடம் ஆயிற்று. 1979-இல் மணல் கொட்ட ஊர்க் கூடத்தில் கை தூக்கினால் போதுமாக இருந்தது; இப்போது பதினோரு கையெழுத்து. எல்லாம் கிடைத்த பிறகு, ஆழமில்லாத குடாவுக்குள் மணல் ஏற்றிப் போகத் தட்டையான மிதவை வேண்டியிருந்தது. தீவில் அப்படி ஒன்று ஹில்டிங்கிடம்தான் இருந்தது.

ஏழு வருடத்துக்குப் பிறகு மைலிஸ் அண்ணன் வீட்டுப் படகுத்துறைக்குப் போனாள். அவனுக்கு எழுபத்து நான்கு வயது. கவிழ்த்துப் போட்ட படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான். நான் அவனிடம் ஒரு பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்க நின்றிருந்தேன். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"உன் மிதவை வேணும், அண்ணே."

"எதுக்கு?"

"மணல் கொட்ட. லில்விக்ல."

"அங்கதான் ஒரு தடவ கொட்டியாச்சே."

"அது போயிடுச்சு."

"போயிடுச்சுன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன குருடனா?" தூரிகையைத் தார் டப்பாவில் போட்டான். "அந்தப் பொண்ண நீ தேடினப்ப நானும் தண்ணிக்குள்ள இருந்தேன்டி. என் கையே எனக்குத் தெரியல. சட்டத்த இழுத்தவன் நான். அன்னிக்கே எனக்குத் தெரியும்."

ஹில்டிங் அவள் பக்கம் நெருங்கி வந்தான்.

"கூட்டத்துல என்ன சொன்ன? நான்தான், நான்தான்னு. அப்பா செத்தப்பவும் நீ மட்டும்தான் பாத்த மாதிரி மூஞ்சிய வெச்சிருந்த. இதுலயும் நீ மட்டும்தானா? படகு யாருது? சங்கிலி யாருது?"

"உன்னக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்."

"யாரு கேட்டா?"

அவன் தூரிகையை எடுத்துப் படகில் இரண்டு இழுப்புத் தார் பூசினான். பிறகு ஹில்டிங் என் பக்கம் திரும்பி, "நீ எதுக்குய்யா மரம் மாதிரி நிக்கிற? கையெழுத்து எங்க போடணும்?" என்றான். போட்டுக் கொடுத்துவிட்டு அவளிடம், "எத்தன டன்னு?" என்று கேட்டான்.

2017 மார்ச்சில் பதினெட்டு நாள் மணல் பரப்பினார்கள். ஹில்டிங் மிதவையை நூல் பிடித்ததுபோல் வரிசை வரிசையாக ஓட்டினான். துவாவின் ஆட்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் முணுமுணுத்தான், சொன்னபடி செய்தான். ஜூனில் நடவு. ஊரிலிருந்து முப்பது பேர் வந்தார்கள், நாங்கள் சிலர் கரையில் தண்டு பிரித்தோம். வண்டிகளை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் மஞ்சள் படகில் வேலை பார்க்கும் யிர்ஸாவும் விடுப்புப் போட்டு வந்திருந்தாள். அவளுக்கு அப்போது முப்பத்தேழு. பல வருடமாக மைலிஸ் அந்தப் படகில் வாரத்துக்கு நான்கு தடவை ஏறி இறங்கியிருக்கிறாள். வணக்கத்துக்கு மேல் இருவரும் பேசியதில்லை. காப்பி நேரத்தில் யிர்ஸா தானே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனைக்கிறேன். அன்னிக்கு நடந்தது எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. ஆஸ்பத்திரில ஐஸ்கிரீம் குடுத்தாங்க. அது மட்டும்தான் ஞாபகம்."

"என்ன ஐஸ்கிரீம்?"

"பேரிக்கா."

மைலிஸ் சிரித்தாள். பிறகு கோப்பையை வைத்துவிட்டுப் பாறையின் மறுபக்கம் போய், கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். யிர்ஸா என்னைப் பார்த்து, தப்பாகச் சொல்லிவிட்டேனா என்பதுபோலக் கையை விரித்தாள். இல்லை என்று தலையாட்டினேன். கால் மணி நேரம் கழித்து மைலிஸ் வந்து முகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "வா, இன்னும் ரெண்டு கட்டம் பாக்கி இருக்கு" என்று யிர்ஸாவைக் கூப்பிட்டாள்.

மறுவருடம் நட்டதில் பாதி நின்றது. அதற்கடுத்த வருடம் நின்றவை பக்கவாட்டில் படர்ந்தன. 2020-இல் பாதிக் கால்பந்து மைதானம் அளவுக்குப் புல் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது. அதற்கு மேலே உள்ள தண்ணீரில் நெஞ்சளவு ஆழத்தில் நின்றால் கால் விரல் தெரிகிறது. எழுபதுகளில் இருந்த தெளிவு இல்லை. ஊசி மீனும் முள் மீனும் வந்தன. காட் மீன் வரவில்லை. இந்தக் கடற்கரை முழுக்கவே அது அரிதாகிவிட்டது. தூரே இதையெல்லாம் பார்க்கவில்லை, அவர் செத்து இருபது வருடத்துக்கு மேல். ஹில்டிங் முதல் இரண்டு கோடையைப் பார்த்தான். 2019 டிசம்பரில் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தவன் மேஜையில் சாய்ந்தான், எழவில்லை. அவனுக்காக மிதவையைத் துறையில் கறுப்புத் துணி கட்டி நிறுத்தியிருந்தார்கள். மைலிஸ் அந்தத் துணியைத் தானே அவிழ்த்து மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

2022 ஜனவரியில் வந்த புயல் புல்லில் மூன்றில் ஒரு பங்கைப் பெயர்த்துக் கரையில் எறிந்தது. துவா போனில் சொன்னபோது நான் மைலிஸ் வீட்டில் இருந்தேன். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"மிச்சம் எவ்வளவு?"

ஏதோ பதில் வந்தது.

"மணல் இருக்கா? ... அப்ப சரி. ஜூன்ல நடுங்க. என்னால முடியாது, முழங்கால் ஆபரேஷன் வெச்சிருக்காங்க. பெர்தில் இங்கதான் இருக்கான், வேலை இல்லாமத்தான் சுத்தறான், அவன அனுப்பறேன்."

பெர்தில் என்றது என்னைத்தான். பதினான்கு பேர் நட்டோம். எழுபத்தைந்து வயதில் நான் முதல்முறையாகத் தண்ணீருக்குள் மூழ்கி அந்தக் குடாவின் அடியைப் பார்த்தேன். நட்டதில் கொஞ்சம் நண்டுக்குப் போயிற்று, கொஞ்சம் பிடித்துக்கொண்டது.

ஆபரேஷனுக்குப் பிறகு மைலிஸ் படிக்கட்டு இல்லாத வீடு வேண்டும் என்று அக்கரையில் ஒரு குடியிருப்புக்கு மாறிவிட்டாள். இந்த வருடம் மே மாதம் ஒரு நாள் வந்தாள். என் படகில் லில்விக்குக் கூட்டிப்போனேன். தண்ணீரில் இறங்கவில்லை. படகின் விளிம்பில் குப்புறப் படுத்து, அடியில் கண்ணாடி பதித்த வாளியைத் தண்ணீரில் அழுத்தி, அதற்குள் முகத்தை வைத்து முக்கால் மணி நேரம் பார்த்தாள். நான் துடுப்பை மெதுவாகப் போட்டு வரிசையாகக் கொண்டுபோனேன். இடையில், அந்தப் பதினொரு தண்டு பிழைத்த பாறைப் பக்கம் வந்தபோது, "நிறுத்து" என்றாள், கொஞ்சம் கழித்து "போ" என்றாள். பிறகு எழுந்து, முதுகு வலிக்கிறது, கரைக்குப் போகலாம் என்றாள்.